கூரையில் சோலர், புல்லில் உறைபனி: எதைச் செய்தால் குழாய் தப்பும்?

டிசம்பர் கடைசிக்கும் பொங்கலுக்கும் இடையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஒருவர் கந்தப்பளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். இன்னொருவர் நுவரெலியா பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் எட்டு அறை விடுதி நடத்துகிறார். மூன்றாவது ஆள் கொழும்பில் வேலை, மீப்பிலிமானவில் வீடு கட்டிவிட்டு மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ வந்து போகிறார். மூன்று கூரையிலும் சுடுதண்ணீர் சோலர் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி பனியில் அது வெடிக்காமல் இருக்க எந்த வழி நல்லது என்பதுதான் கேள்வி.

"நம்ம நாட்டில் எங்கடா குழாய் உறையுது" என்று பதுளையில் இருக்கும் என் மாமா சிரிப்பார். உறையும் மாமா. என் வீட்டிலேயே உறைந்தது. முதன்முதலாக சோலர் போட்ட வருடம், ஒரு ஜனவரி காலை ஆறரைக்கு எழுந்து பார்க்கிறேன், முற்றத்துப் புல் முழுக்க வெள்ளை, கூரையில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் தகரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். ஏறிப் பெனலின் கண்ணாடியைக் கழற்றினால், நடுவில் நிற்கும் செப்புக் குழாய்களில் ஒன்று மீன் வாயைத் திறந்ததுபோல ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது, இரண்டு உதடும் வெளிப்பக்கம் மடிந்து. வெடித்தது இரவில். ஆனால் உள்ளே இருந்த பனிக்கட்டியே அந்தப் பிளவை அடைத்துக்கொண்டு நின்றது, வெயிலில் அது உருகிய பிறகுதான் ஒழுகத் தொடங்கியது. விற்றவர்களிடம் போனேன். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள், பொடி எழுத்தில் உறைபனிச் சேதம் சேராது என்று இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் பிழைதான், சரி. ஆனால் நுவரெலியாவில் விற்கும்போது அதை ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு குழாய் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான்.

## எப்படி உறைகிறது

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தண்ணீர் உறைய வழியே இல்லை. ஆனால் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்து, காற்றும் நின்றுவிட்ட இரவில், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்ப முகில் இல்லை. அதனால் புல், கார்க் கூரை, தேயிலைக் கொழுந்து எல்லாம் சுற்றியிருக்கும் காற்றைவிட நாலைந்து பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். சோலர் பெனலும் அப்படித்தான். வெப்பமானி 4 பாகை காட்டும்போதே பெனலுக்குள் தண்ணீர் உறையலாம். உறைகிற தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும், செப்புக் குழாய்க்கு அந்த இடம் இல்லை.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: "மேலே தாங்கியில் 200 லீட்டர் சுடுதண்ணீர் இருக்கிறதே, அது பெனலைக் காப்பாற்றாதா?" காப்பாற்றாது. சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே நிற்கும். பகலில் பம்ப் இல்லாமலே இந்த சோலர் ஓடுவது அந்த முறையில்தான். இரவில் அதே முறையில் சுடுதண்ணீர் மேலே தாங்கியிலேயே இருந்துவிடும், பெனலில் இருக்கிற இரண்டு லீட்டர் சொச்சம் தனியாகக் கிடந்து குளிரும். தாங்கிக்குள் கரண்ட் எலிமென்ட் இருப்பதும் இதற்கு உதவாது. அதை இரவு முழுக்கப் போட்டு வைத்தால் மேலே தண்ணீர் கொதிக்கும், கீழே பெனல் உறையும், இரண்டுக்கும் நடுவில் உங்கள் கரண்ட் பில் ஏறும்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை நான் முதலில் வைக்கவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகிற விலையை எழுதி, நாலு மாதம் கழித்து நீங்கள் அதைக் கடைக்காரரிடம் காட்டிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

உங்கள் கூரை எங்கே இருக்கிறது? குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே சரிவில் வடிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பந்தயத் திடலும் கிழங்குத் தோட்டப் பள்ளங்களும் வெள்ளையாகக் கிடக்கிற காலையில், அதற்கு மேலே சரிவில் இருக்கிற வீட்டில் ஒன்றுமே இருக்காது. பக்கத்தில் பெரிய சைப்ரஸ் மரம் கூரையை மறைத்து நின்றால் அதுவும் ஒரு போர்வைதான் (பகல் வெயிலையும் மறைக்கும், அது வேறு கதை). உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாந்திபுர கிராமம் நுவரெலியா நகரத்தைவிட மேலே இருக்கிறது, ஆனால் அங்கே மேட்டில் காற்றோட்டமாக இருக்கிற வீட்டைவிட நகரத்துப் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. ஒரு சில்வர் தட்டில் விரல் நகம் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு துண்டு ரெஜிபோம் (பெட்டிகளில் வருகிற வெள்ளைத் தெர்மாகோல்) வைத்து, சோலர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரவு வையுங்கள். ரெஜிபோம் கட்டாயம், இல்லாவிட்டால் வீட்டுச் சூடு தகரம் வழியாக ஏறித் தட்டைக் காப்பாற்றிவிடும். தெளிவான வானம் உள்ள மூன்று நான்கு இரவு வைத்து, விடிய வெயில் வருவதற்கு முன் விரலால் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு கட்டியிருந்தால் உங்கள் பெனலும் அதே நிலைமைதான். மூன்று நான்கு தெளிவான இரவிலும் ஒன்றுமே இல்லையென்றால், குழாயைச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், மிச்சத்தை வாசிக்க வேண்டியதில்லை.

அப்புறம், இரவில் வீட்டில் யார்? வால்வைத் திருகக்கூடிய, திருக மறக்காத ஒரு ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் தாத்தாவா, வாரத்துக்கு ஒரு முறை மாறுகிற ரூம் பையனா?

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள், யாரும் மறந்திருக்கமாட்டோம். பனி விழும் இரவில் பம்பை நம்பியிருக்கிறவருக்கு இரண்டு மணித்தியாலம் போனாலே போதும். தண்ணீரையும் பாருங்கள்: ஜனவரியிலிருந்து மார்ச்வரை மழை குறைவு, ஊற்றுத் தண்ணீர் நூலாக வருகிற காலம் அதுதான். அந்த நேரத்தில் தண்ணீரை ஓடவிடுவது எல்லா வீட்டுக்கும் சரிப்படாது.

## வழி 1: இரவில் பெனலை வடித்துவிடுவது

மலிவானது, நம்பகமானது, மனிதனை நம்பி நிற்பது. தாங்கிக்கும் பெனலுக்கும் நடுவில் மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு, பெனலின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகுழாய், உயர்ந்த மூலையில் காற்று போகிற ஒரு சின்ன டெப். மாலையில் இரண்டு வால்வையும் மூடி, வடிகுழாயையும் காற்று டெப்பையும் திறந்துவிட்டால் அந்த இரண்டு லீட்டர் வெளியே போய்விடும், தாங்கியின் சுடுதண்ணீர் அப்படியே இருக்கும். வெறும் குழாயில் உறைய ஒன்றுமில்லை.

இதில் நான் அடிக்கடி காண்கிற பிழை அந்தக் காற்று டெப் இல்லாதது. யோகட் குடிக்கிற ஸ்ட்ரோவின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கிப் பாருங்கள், கீழே திறந்திருந்தும் ஒரு சொட்டு விழாது. பெனலும் அதுதான். "அண்ணே, தினமும் வடிச்சேன், எப்படி வெடிச்சுது?" என்று கேட்டவர் வீட்டில் போய்ப் பார்த்தால் கீழே டெப் இருக்கிறது, மேலே இல்லை. அரைப் பெனல் தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது. இன்னொன்று, பெனல் வடிகுழாய்ப் பக்கம் ஒரு விரல் அளவாவது சாய்ந்திருக்க வேண்டும். நேர் மட்டமாக வைத்தால் அழகாக இருக்கும், வடியாது.

இனி மறைந்திருக்கிற செலவு. காலை. வெயில் ஏறுவதற்கு முன் மறுபடி நிரப்ப வேண்டும். வடிகுழாயை மூடி, முதலில் கீழ் வால்வைத் திறந்து, மேல் டெப்பில் காற்று சீறி முடிந்து தண்ணீர் வந்ததும் அதை மூடி, கடைசியில் மேல் வால்வு. காற்று உள்ளே சிக்கிக்கொண்டால் அன்றைக்கு முழுக்கச் சுழற்சியே நடக்காது, சாயங்காலம் பச்சைத் தண்ணீர்தான். தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு, வெறும் பெனல் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது குளிர் தண்ணீரை விட்டால் மூட்டுகளுக்குக் கேடு. இதைவிட மோசமானது, தண்ணீர் நிரம்பிய பெனலின் இரண்டு வால்வையும் மூடிவைத்து மறந்துவிடுவது. வெயில் ஏறியதும் அதற்குள் அழுத்தம் ஏறும், போக இடமில்லை. அதனால் பெனல் பக்கத்திலும் ஒரு பாதுகாப்பு வால்வு இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். குழாய் வேலைக்கு வருகிற பாஸ் "அது தேவையில்லை சேர்" என்றால் பாஸை மாற்றுங்கள்.

வால்வுகளை ஆள் கைக்கு எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவருவதற்குச் சில அடி கூடுதல் குழாய் வேண்டும். அந்தக் காசைச் செலவழியுங்கள். ஈரத் தகரத்தில் ஏணி வைத்து ஏறுவதாக இருந்தால் மூன்றாம் இரவிலேயே "இன்றைக்குப் பனி வராது" என்று மனசு சொல்லத் தொடங்கிவிடும்.

என் சித்தி மகன் டொரொன்டோவில் இருக்கிறான். காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற பயண வீடு ஒன்று வைத்திருக்கிறான், டிரெய்லர் என்பார்கள்: சின்னக் குசினி, குளியலறை, தண்ணீர்த் தாங்கி, 23 லீட்டர் சூடாக்கி, பம்ப் எல்லாம் உள்ளே. இலையுதிர்காலத்தில் அதையும் வடிக்கிறான். தாங்கி, சூடாக்கி, தாழ்வான இடத்து வடிகுழாய்கள் எல்லாவற்றையும் திறந்து, பிறகு கம்பிரசர் வைத்துக் குழாய்க்குள் காற்று ஊதுகிறான், அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல், தாண்டினால் பிளாஸ்டிக் மூட்டுகள் கழன்றுவிடும். ஒரு வருடம் வெளிப்பக்கம் கால் கழுவுகிற சின்ன ஷவரை மறந்துவிட்டான். வசந்தத்தில் அந்த ஒரு டெப் மட்டும் இரண்டாகக் கிடந்தது. அவனுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், அவன் வருடத்துக்கு ஒரு முறை வடித்துவிட்டு மாதக்கணக்கில் பூட்டிப் போகிறான், எனக்கு இரவுக்கு ஒரு முறை வடித்து, விடிய நிரப்ப வேண்டும். அங்கே நாளும் பொழுதும் பூச்சியத்துக்குக் கீழே. இங்கே விடியப்புறம் நாலைந்து மணித்தியாலம்தான் ஆபத்து, பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றுகிறோம். இணையத்தில் கனடாக்காரர், அமெரிக்கக்காரர் சொல்வதைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

யாருக்குச் சரி: ஆள் எப்போதும் இருக்கிற வீடு. இன்னொன்று, இதற்கு நேர் எதிராக, ஆளே வராத வீடு. அது சித்தி மகனின் டிரெய்லர் மாதிரி. கிளம்பும்போது ஒரு முறை வடித்து, பெனலைப் போர்த்திவிட்டுப் போனால் முடிந்தது. நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் இது சரிவராது.

## வழி 2: சுற்றுவதும் போர்த்துவதும்

குழாயைச் சுற்றுவது வேறு, பெனலைப் போர்த்துவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

குழாய்க்கு, ஏசி குழாயில் சுற்றுகிற அந்தக் கறுப்பு ஃபோம் குழல் போதும். ஃபோம் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். டொரொன்டோவில் மூன்று மாதக் குளிரில் அந்தத் தாமதம் ஒன்றுக்கும் உதவாது. இங்கே நாலைந்து மணித்தியாலம் தாமதப்படுத்தினால் விடிந்துவிடும். பிரச்சினை நம் வெயிலும் மழையும். மூடாமல் விட்ட ஃபோம் இரண்டு மூன்று வருடத்தில் ரொட்டித் தூள் மாதிரி உதிரும். நனைந்த ஃபோம் சும்மா இருப்பதைவிட மோசம். மேலே அலுமினிய டேப் சுற்றி, மூட்டுகளில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். அப்புறம் குரங்கு. எங்கள் பக்கம் குரங்குகளுக்கு அந்த ஃபோமில் என்ன ருசியோ தெரியாது, பிய்த்துப் பிய்த்துப் போடும். ஒரு வீட்டில் மேலே பி.வி.சி. குழாயை நீளமாகப் பிளந்து கவசம் மாதிரி மாட்டினேன், அது நிற்கிறது.

பெனலைப் போர்த்துவது என்றால் அதற்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு திரை போடுவது. பழைய படங்கு (தார்ப்பாய்) போதும், அடியில் ஒரு கம்பளி இருந்தால் இன்னும் நல்லது. என் அம்மா நாற்று மேடைக்குப் பன்னம் (பெரணி) குழையைப் பரப்புவாரே, அதே வேலை. ஆனால் தினமும் கூரையில் படங்கை விரித்துக் கல் வைத்துச் சுருட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு, வடித்த பெனலின் மேல், கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போக நல்லது. தண்ணீர் உள்ள பெனலுக்கு இது மட்டும் காவல் என்றால், மிகக் குளிர்ந்த இரவில் கைவிட்டுவிடலாம்.

நிலத்தில் ஓடுகிற குழாய்க்கு இதைவிட எளிதான வழி: புதையுங்கள். டொரொன்டோவில் 1.2 மீற்றர் ஆழம் போக வேண்டும், அவ்வளவு ஆழத்துக்கு மண் உறைகிறது. நமக்கு ஒரு சாண் மண் மேலே இருந்தாலே போதும். தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேட்டு ஊற்றிலிருந்து பீலித் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்பு அல்கதீன் பிளாஸ்டிக் குழாய் புல்லின் மேல் கிடந்து காலையில் அடைத்துக்கொள்கிறது என்று யாராவது சொன்னால், மண்வெட்டிதான் என் பதில். அந்தக் குழாய் நெகிழும், உறைந்தாலும் லேசில் வெடிக்காது, உருகினால் மறுபடி ஓடும். அதே இடத்தில் பி.வி.சி. போட்டால் பிளக்கும்.

## வழி 3: தண்ணீரை அசைய வைப்பது

ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்பது சரி. ஆனால் எந்தத் தண்ணீர் ஓடுகிறது என்று பாருங்கள். "இரவில் சுடுதண்ணீர் டெப்பை லேசாகத் திறந்து வைக்கிறேன்" என்கிறார்கள். டெப்பில் வருவது தாங்கியின் மேல் பக்கத்துத் தண்ணீர். அதன் இடத்தை நிரப்பக் குளிர் தண்ணீர் தாங்கியின் அடிக்கு வருகிறது. பெனல் இந்தப் பாதையிலேயே இல்லை! இரவு முழுக்கச் சுடுதண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பெனலையும் வெடிக்கவிட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். பெனலின் கீழ் மூலையில் சொட்டவிட்டாலும் தண்ணீர் பெரும்பாலும் அடியில் இருக்கும் குறுக்குக் குழாயோடு ஓடிவிடும், நிற்கிற மெல்லிய குழாய்கள் அசையாது. நிமிடத்துக்கு 100 மில்லிலீட்டர் என்றால் எட்டு மணித்தியாலத்தில் 48 லீட்டர், பெப்ரவரியில். பீலிக் கரையில் ஒற்றை டெப் உள்ள லயத்துக்கு மட்டும், கடைசி டெப்பைச் சொட்டவிடுவது நியாயம், அந்தத் தண்ணீரைக் கீழே ஒரு பீப்பாயில் பிடித்தால்.

பம்ப் வைத்துச் சுற்றவிடுவது சரியாக வேலை செய்யும். பெனலில் ஒரு உணர்கருவி, 4, 5 பாகைக்கு வந்ததும் சின்னப் பம்ப் ஓடி, தாங்கியின் சூட்டைக் கொஞ்சம் பெனலுக்கு அனுப்பும். 40 வாட் பம்ப் நாலு மணித்தியாலம் ஓடினாலும் 0.16 யூனிட்தான், கரண்ட் செலவு அதில் இல்லை. செலவு தாங்கியில்: 200 லீட்டர் 5 பாகை இறங்கினால் ஒரு யூனிட்டுக்கும் சற்று மேலான சூடு வானத்துக்குப் போய்விட்டது. காலையில் குளிக்க வருகிறவருக்கு அது தெரியும். கரண்ட் போனால் எல்லாம் நின்றது, இதைத்தான் நான் பயப்படுகிறேன். பேட்டரியோடு இன்வேர்ட்டர் ஏற்கெனவே இருக்கிற விடுதிக்கு யோசிக்கலாம். இல்லாதவர் இதற்காக ஒன்று வாங்கப்போனால் கணக்கு கெட்டுவிடும்.

குழாயில் சுற்றுகிற சூடேற்றும் கம்பியும் இந்த வகைதான். 10 மீற்றருக்கு 100 வாட் என்றால் இரவுக்கு 0.8 யூனிட். பெனலுக்கு அது உதவாது, நம் ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் முழிப்பார்கள்.

## வழி 4: உறையா திரவம்

சித்தி மகன் ஊதி முடித்த பிறகு ஒரு ரோஸ் நிறத் திரவத்தைப் பம்ப் வழியாக எல்லா டெப்பிலும் ரோஸ் வரும்வரை ஏற்றுகிறான், சூடாக்கியை மட்டும் வால்வு போட்டு விலக்கிவிட்டு, இல்லாவிட்டால் 23 லீட்டர் திரவம் அதற்கே போய்விடும். அது புரோபிலீன் கிளைக்கோல். வசந்தத்தில் கழுவி விடுகிறான்.

நம் சோலரில் அப்படி ஏற்ற முடியாது. இங்கே பெரும்பாலான வீட்டில் பெனலுக்குள் ஓடுகிற தண்ணீரேதான் குளிக்கிற தண்ணீர். திரவம் வேண்டுமென்றால் தாங்கிக்கு இரட்டைச் சுவர் உள்ள, பெனல் சுற்று தனியாக மூடிய வகையைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும். ஏற்கெனவே போட்டவர் மாற்றுவதென்றால் பாதி சோலரைப் புதிதாக வாங்குவதற்குச் சமம்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: வாகன ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலண்டைச் சோலருக்குள் விடாதீர்கள். அதில் வழக்கமாக இருப்பது எதிலீன் கிளைக்கோல். இனிப்பு ருசி, கொடிய நஞ்சு. தாங்கிச் சுவரில் ஒரு ஊசி ஓட்டை போதும், அது குளிக்கிற தண்ணீரில் கலக்கும். "மெக்கானிக் தம்பி சொன்னான், ஒரு கேன் ஊற்றினால் போதும்" என்று ஒருவர் என்னிடமே கேனைக் காட்டியிருக்கிறார்.

சரியான வகையை வாங்கினால் நிம்மதிதான். மூன்றில் ஒரு பங்கு புரோபிலீன் கிளைக்கோல் கலந்தாலே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையைத் தாண்டித் தாங்கும், நமக்கு அது தேவைக்கும் கூடுதல். மறைந்த செலவு உறைபனியில் இல்லை, வெயிலில் இருக்கிறது. யாரும் சுடுதண்ணீர் எடுக்காத நாட்களில் பெனல் மிகச் சூடாகி அந்தத் திரவம் கெட்டு, புளித்து, சளி மாதிரி ஆகும். சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதை அளந்து பார்க்கத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

## வழி 5: வெற்றிடக் கண்ணாடிக் குழாய்

இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவில் காற்றே இல்லாத நீளக் குழாய்கள், தேநீர் பிளாஸ்கின் அதே தந்திரம். சூடு வெளியே போக வழி குறைவு, அதனால் நம் பனியில் அந்தக் குழாய் உறைவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். யாரும் எதையும் திருக வேண்டாம், கரண்டும் வேண்டாம். புதிதாக வாங்கப்போகிறவர், பள்ளத்து வீட்டுக்காரர் என்றால் என் முதல் பரிந்துரை இதுதான்.

குறைகள் இருக்கின்றன. குழாய் தப்பும், அதற்கு வருகிற சாதாரணக் குழாய் தப்பாது, அதை ஃபோம் சுற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்த கண்ணாடிக்குள் நடுப்பகலில் குளிர் தண்ணீர் விட்டால் படார் என்று போகும். பைப்பில் தண்ணீர் நின்று பத்து மணிக்குத் திரும்பி வருவது நம் ஊரில் அபூர்வமா என்ன? ஆலங்கட்டி மழையும் ஒரு கவலை. நல்லது என்னவென்றால் ஒரு குழாய் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். வாங்கும்போதே இரண்டு உதிரிக் குழாய் சேர்த்து வாங்கிக் கட்டிலுக்கடியில் வையுங்கள், பிறகு அதே அளவு கிடைக்காது.

## வழி 6: இரண்டு மாதம் சோலரை மூடிவிட்டுக் கீசர்

சோம்பேறித்தனமான வழி என்று நினைத்தேன், ஆனால் பலர் இதைத்தான் செய்கிறார்கள். வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. எனக்கு இதில் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்: எந்த இரவு உறைபனி வருமோ அதற்கு அடுத்த பகல்தான் வருடத்திலேயே சுத்தமான வெயில். ஜூன், ஜூலையில் மூடுபனியும் தென்மேல் பருவமழையும் இருக்கும்போது பெனல் சும்மா கிடக்கிறது. அது நன்றாக உழைக்கிற இரண்டு மாதத்தில் அதைப் பூட்டிவிட்டு 3 கிலோவாட் கீசரை ஓட்டினால், பிறகு சோலர் எதற்கு?

## மூவரும் என்ன செய்தார்கள்

கொழும்புக்காரருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. டிரெய்லர் முறை: கிளம்பும்போது வடித்துவிட்டுப் படங்கால் மூடுவது. காவலுக்கு இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் வால்வைக் காட்டப்போனார், நான் தடுத்தேன். நிரம்பியிருக்கிறதா காலியா என்று இரண்டு பேருக்குத் தெரிந்தால் யாருக்கும் தெரியாது.

விடுதிக்காரரிடம் வடிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு உலகமுடிவு என்கிற மலை விளிம்பைப் பார்க்க ஹோட்டன் சமவெளிக்குக் கிளம்புகிற விருந்தாளிக்கு நாலரைக்குச் சுடுதண்ணீர் வேண்டும், பனியும் அதே நேரத்தில்தான் உச்சத்தில். பழைய இரண்டு பெனலையும் விற்றுவிட்டு வெற்றிடக் குழாய்க்குப் போகச் சொன்னேன், மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஒரு பெனலை மட்டும் மாற்றியிருக்கிறார். மற்றதற்கு அவர் மகன் பம்ப் வாங்கி வந்திருக்கிறான். எந்தப் பெனல் முதலில் ஒழுகுகிறது என்று பார்ப்போம்.

ஆசிரியர் தட்டு வைத்தார். முதல் மூன்று இரவு ஒன்றுமில்லை. நான்காம் காலை ஐந்தே முக்காலுக்கு எனக்கு ஃபோன்: "தம்பி, தட்டைக் கவிழ்த்தேன், தண்ணீர் விழவில்லை." அன்றைக்கே போய் இரண்டு வால்வை அவர் குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் இறக்கிக் கொடுத்தேன், மேல் மூலையில் காற்று டெப்போடு. திருகுகிற வரிசையைச் சிவப்பு, பச்சை பெயின்டில் 1, 2, 3 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார். மாலைத் தேநீருக்கு அடுப்பை மூட்டும்போது டீச்சரம்மா மூடுகிறார், விடியத் தேநீருக்கு அடுப்பை மூட்டும்போது சேர் திறக்கிறார்.